ஆறு வாரம் படுக்க வைத்தேன்: முறிந்த எலும்புக்கு ஓய்வு மட்டும் போதுமா?

அம்மாவின் கால் முறிந்து ஏழாவது வாரம். கிளினிக்கில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த வைத்தியர் என்னிடம் கேட்டார்: "அம்மா இப்ப எவ்வளவு தூரம் நடக்கிறா?"

"நடக்கிறதோ? நாங்கள் கட்டிலை விட்டு இறங்கவே விடேல்ல டொக்டர்."

அதைச் சொல்லும்போது என் குரலில் கொஞ்சம் பெருமை இருந்திருக்க வேண்டும். ஆறு வாரமாக வேலைகளைக் குறைத்துக்கொண்டு வீட்டிலேயே இருந்தேன். அம்மாவின் வலது காலைத் தலையணை மேல் வைத்து, ஒருவரும் தொடாமல் பார்த்துக்கொண்டேன். வைத்தியர் எக்ஸ்ரேயைக் கீழே வைத்தார்.

"நடக்கச் சொல்லித்தானே துண்டு வெட்டினது? காட்டில எழுதியிருக்கே."

எழுதித்தான் இருந்தது. டயக்னோசிஸ் காட்டின் கடைசி வரியில், ஆங்கிலத்தில், நான்கு எழுத்துச் சுருக்கமாக. 'தாங்கக்கூடிய அளவுக்குப் பாரம் வைத்து நடக்கலாம்' என்பது அதன் பொருளாம். அது வைத்தியர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் ஏதோ குறிப்பு என்று நினைத்திருந்தேன். அன்று அந்த விடுதியில் கட்டில் போதாமல் நிலத்திலும் நோயாளர்கள் படுத்திருந்தார்கள். எங்களுக்கு விளக்கிச் சொல்ல ஒருவருக்கும் நேரம் இருக்கவில்லை. ஊரெல்லாம் கேள்வி கேட்டுத் திரியும் நானும் கேட்கவில்லை.

பால் வாங்கப் போன அம்மாவைச் சந்தியில் ஒரு மோட்டார் சைக்கிள் இடித்தது. முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பு நடுவில் முறிந்தது. சத்திரசிகிச்சை செய்து, எலும்பின் உள்ளே நீளமான உலோகத் தண்டு ஒன்றைச் செலுத்திப் பூட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் பெரியம்மா சொன்னது ஒன்றுதான்: "அசைய விடாத பிள்ளை. அசைஞ்சால் முறிஞ்ச இடம் விலகிப்போடும்." பார்க்க வந்த அயலட்டை முழுவதும் அதையே சொன்னது. எனக்கும் அது சரியாகவே பட்டது.

ஏழாவது வாரத்து எக்ஸ்ரேயில் முறிவின் கோடு அப்படியே தெரிந்தது. அதைச் சுற்றிப் பனிமூட்டம் போல மெல்லிய நிழல் ஒன்று மட்டும் இருந்தது. கெண்டைக்கால் வற்றிப்போயிருந்தது. கணுக்கால் மடங்க மறுத்தது. படுக்கையை மட்டும் வைத்தியர் குற்றம் சொல்லவில்லை. அம்மாவுக்குப் பத்து வருடமாக நீரிழிவு இருக்கிறது, அதுவும் எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தும் என்றார். பிறகு, "ஆனால் ஆறு வாரமாக் காலுக்குப் போற இரத்தத்தையும் குறைச்சு வைச்சிருக்கிறீங்கள்" என்றார்.

எலும்புக்கும் இரத்தத்துக்கும், இரத்தத்துக்கும் நடைக்கும் என்ன தொடர்பு? அந்தக் கேள்வியோடுதான் வீட்டுக்கு வந்தேன். அதன் பிறகு வைத்தியர்களிடம் கேட்டும் ஆய்வுகளைத் தேடிப் படித்தும் விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

எலும்புக்குள் ஓடும் இரத்தம்

எலும்பு என்றதும் எங்களுக்கு நினைவு வருவது கறிச்சட்டியில் மிஞ்சும் வெள்ளைத் துண்டு. உயிருள்ள உடம்பில் அது அப்படி இல்லை. நாங்கள் சும்மா இருக்கும்போது இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறத்தாழ பத்திலொரு பங்கு எலும்புகளுக்குப் போகிறது. எலும்பின் கடினமான சுவருக்குள் நெடுக ஓடும் நுண்ணிய குழாய்ப் பாதைகளை 1691இல் ஆங்கிலேய வைத்தியரான கிளொப்டன் ஹவேர்ஸ் தமது நூலில் விவரித்தார். இன்றும் அவை அவரது பெயராலேயே அழைக்கப்படுகின்றன.

கால், கை எலும்புகளுக்கு இரத்தம் முக்கியமாக மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, எலும்பின் நடுப்பகுதியில் ஒரு துளை வழியாக உள்ளே நுழைந்து மச்சைக்குள் கிளைவிடும் நாடி. எலும்புச் சுவரின் உட்பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு இதுதான் உணவூட்டுகிறது. இரண்டாவது, மூட்டுகளுக்கு அருகே இரு முனைகளிலும் நுழையும் சிறிய குழாய்கள். மூன்றாவது, எலும்பைத் தோல் போலப் போர்த்தியிருக்கும் உறையிலும் அதைச் சூழ்ந்த தசைகளிலும் இருந்து வரும் குழாய்கள்.

முறிவு ஏற்படும்போது உள்ளே ஓடும் நாடி பெரும்பாலும் அறுந்துபோகிறது. தண்டு செலுத்தும்போதும் மச்சைக்குள் உள்ள குழாய்கள் சேதமடைகின்றன. அவை மீண்டும் வளரச் சில வாரங்கள் செல்லும். அதுவரை வெளி உறையும் தசையும்தான் அந்த எலும்பைப் பெருமளவுக்குக் காப்பாற்றுகின்றன. நான் தலையணை மேல் வைத்துக் காத்த காலில் வேலையில்லாமல் கிடந்தது அந்தத் தசைதான்.

தசை சுருங்கி விரியும்போது நாளங்களில் தேங்கும் இரத்தத்தை மேலே தள்ளுகிறது, புதிய இரத்தம் உள்ளே வருகிறது. கெண்டைக்காலை இரண்டாவது இதயம் என்று இயன்மருத்துவர்கள் சொல்வது இதனால்தான். எலும்புக்குள்ளும் இதே போன்ற ஒரு வேலை நடக்கிறது. எலும்புக் கலங்கள் மயிரிழையிலும் மெல்லிய கால்வாய்களால் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. அந்தக் கால்வாய்களில் திரவம் நிரம்பியிருக்கிறது. காலில் பாரம் ஏறும்போது எலும்பு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. நனைந்த பஞ்சை அமத்தி விடுவது போலத் திரவம் அங்குமிங்கும் ஓடுகிறது. கலங்கள் அந்த ஓட்டத்தை உணர்ந்து, "இந்த இடத்துக்கு வேலை இருக்கிறது, பலப்படுத்து" என்ற செய்தியை அனுப்புகின்றன.

முறிந்த இடத்தில் நடப்பது என்ன?

முறிந்த உடனே அந்த இடத்தில் இரத்தம் கட்டியாகிறது. முன்பு நான் அதைக் கெட்ட இரத்தம் என்றே நினைத்திருந்தேன். உண்மையில் திருத்த வேலை தொடங்குவது அந்தக் கட்டியில்தான். முதல் சில நாட்களில் ஏற்படும் வீக்கமும் சூடும் திருத்தும் கலங்களை அங்கே அழைத்து வருகின்றன. அடுத்த வாரங்களில் முறிவின் இரு பக்கத்தையும் மென்மையான இழையமும் கசியிழையமும் சேர்த்து இணைக்கின்றன. 'கலஸ்' என்று வைத்தியர்கள் சொல்லும் திரள் இதுதான்.

கசியிழையம் இரத்தக் குழாய் இல்லாமலும் உயிர் வாழும். எலும்பினால் அது முடியாது. ஆகவே மென்மையான கலஸ் எலும்பாக மாறுவதற்குப் புதிய இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்ந்து போக வேண்டும். ஒட்சிசன், கனியுப்பு, எலும்பு கட்டும் கலங்கள் எல்லாம் அந்தக் குழாய்களின் வழியேதான் வருகின்றன. குழாய்கள் போய்ச் சேராவிட்டால் வேலை அந்தக் கட்டத்திலேயே நின்றுவிடும். எலும்பு கடினமான பின்னும், முறிந்த இடம் பழைய உருவத்துக்குத் திரும்ப மாதங்கள், சில வேளை வருடங்கள் எடுக்கும்.

எலிகளின் எலும்பில் ஒரு தனி வகை நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுற்றியே எலும்பு கட்டும் கலங்கள் திரண்டிருப்பதை 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. வயது ஏற ஏற அந்த வகைக் குழாய்கள் குறைவதையும் அதே ஆய்வு கண்டது. இளம் வயதில் விரைவாகப் பொருந்தும் எலும்பு முதுமையில் தாமதிப்பதற்கு ஒரு காரணம் இதில் இருக்கலாம். புகைத்தலின் கெடுதியும் இங்கேதான் வருகிறது. நிக்கொட்டீன் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. புகையில் உள்ள காபனோரொட்சைட்டு இரத்தம் சுமக்கும் ஒட்சிசனைக் குறைக்கிறது. கால் முறிந்தவருக்கு வைத்தியர் முதலில் "சிகரெட்டை விடுங்கோ" என்று சொன்னால், அது வழமையான புத்திமதி அல்ல, அந்த முறிவுக்கான சிகிச்சை.

எவ்வளவு அசைவு?

அப்படியானால் பெரியம்மா சொன்னது முழுப் பிழையா? இல்லை. அரைவாசி சரி.

முறிவின் இரு முனைகளும் ஒன்றோடொன்று அதிகம் அசைந்தால், அப்போதுதான் துளிர்த்த குழாய்கள் அறுந்துபோகும். சுவிற்சர்லாந்து சத்திரசிகிச்சை நிபுணர் ஸ்டீபன் பெரன் இதை எளிய கணக்காக விளக்கினார். 1 மில்லிமீற்றர் இடைவெளியில் 1 மில்லிமீற்றர் அசைவு ஏற்பட்டால், அங்குள்ள இழையம் 100 வீதம் இழுபடுகிறது. அதே அசைவு 10 மில்லிமீற்றர் இடைவெளியில் ஏற்பட்டால் இழுபடுவது 10 வீதம். கசியிழையம் ஏறத்தாழ 10 வீதம் வரை தாங்கும். எலும்போ 2 வீதத்துக்கு மேல் தாங்காது. பிளாஸ்டரும் தகடும் தண்டும் வைப்பது இந்த இழுபடலைக் கட்டுப்படுத்தத்தான்.

அதற்காக அசைவே கூடாது என்பதும் அல்ல. பிரித்தானிய ஆய்வாளர்களான குட்ஷிப்பும் கென்ரைட்டும் 1985இல் வெளியிட்ட ஆய்வில், முறிந்த செம்மறியாட்டுக் கால்களை வெளிச்சட்டத்தால் பூட்டினார்கள். ஒரு பகுதி ஆடுகளின் முறிவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 17 நிமிடம் மட்டும், 1 மில்லிமீற்றர் அளவில், தாளகதியான சிறு அசைவு கொடுத்தார்கள். மற்ற ஆடுகளின் கால்களை இறுக்கமாகவே வைத்தார்கள். சிறு அசைவு பெற்ற கால்கள் நன்றாகப் பொருந்தின. பின்னர் செய்த ஆய்வில் அசைவை 2 மில்லிமீற்றராகக் கூட்டியபோது பொருந்துதல் பின்னடைந்தது. மருந்தைப் போலவே அசைவுக்கும் அளவு உண்டு.

இந்த விவாதம் புதியதல்ல. 19ஆம் நூற்றாண்டில் லிவர்பூலில் ஹியூ ஓவன் தோமஸ் நீண்ட, இடைவிடாத ஓய்வே மருந்து என்றார். பரிஸில் லூக்காஸ் சம்பியோனியேர், முறிந்த உறுப்பையும் அசைக்க வேண்டும் என்று வாதாடினார். 1967இல் அமெரிக்காவில் ஒகஸ்டோ சர்மியென்ரோ, முழங்காலுக்குக் கீழே மட்டும் பிளாஸ்டர் போட்டு, கால் முறிந்தவர்களை விரைவாக நடக்க விட்ட அனுபவத்தை வெளியிட்டார். இன்றைய வைத்தியம் இருவரிடமும் இருந்து எடுத்துக்கொண்டது. முறிவைப் பூட்டு, ஆளைப் பூட்டாதே.

உடற்பயிற்சி என்ன செய்கிறது?

உடற்பயிற்சி உண்மையிலேயே எலும்புக்குள் இரத்தக் குழாய்களைக் கூட்டுகிறதா? 2004இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் எலிகளை ட்ரெட்மில்லில் ஓட விட்டுப் பார்த்தார்கள். எலும்பும் கூடியது, அதற்குள் இரத்தக் குழாய்களும் கூடின. இரத்தக் குழாய்களை வளரத் தூண்டும் ஒரு புரதத்தைத் தடுத்தபோது, ஓடியும் பலன் கிடைக்கவில்லை. இரத்தக் குழாய் வளராமல் உடற்பயிற்சியால் எலும்பை வளர்க்க முடியவில்லை.

மனிதரிலும் அளந்திருக்கிறார்கள். 2013இல் வெளியான பின்லாந்து ஆய்வொன்றில், ஆட்கள் ஒரு காலை மடக்கி நீட்டும்போது தொடை எலும்புக்குள் ஓடும் இரத்தத்தை ஸ்கான் மூலம் பார்த்தார்கள். இலேசான பயிற்சியிலேயே ஓட்டம் தெளிவாகக் கூடியது. பயிற்சியின் கடுமையை ஏற்றிக்கொண்டே போனபோது அது அதே வேகத்தில் கூடிக்கொண்டு போகவில்லை. அவர்கள் சுகதேகிகள், கால் முறிந்தவர்கள் அல்லர். இருந்தாலும் அம்மாவைப் போன்றவர்களுக்கு இது நல்ல செய்தி. எலும்புக்கு இரத்தம் போக வியர்த்துக் கொட்ட வேண்டியதில்லை.

மறுபக்கத்தில், பாரமே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதை விண்வெளி வீரர்கள் காட்டினார்கள். புவியீர்ப்பின் பாரத்தை உணராத விண்வெளி நிலையத்தில் அவர்களது இடுப்பெலும்பு மாதத்துக்கு ஏறத்தாழ 1 முதல் 1.5 வீதம் வரை அடர்த்தியை இழக்கிறது. கட்டிலில் கிடப்பதும் அந்தத் திசையில்தான் கொண்டுபோகும்.

எல்லா எலும்பும் ஒன்றல்ல

இதை வாசித்துவிட்டு யாரும் பிளாஸ்டர் காலோடு முற்றத்தில் இறங்கி நடக்கத் தொடங்கக் கூடாது. எந்த எலும்பு, எங்கே முறிந்தது, எதனால் பூட்டினார்கள் என்பதைப் பொறுத்தே பாரம் வைப்பதா இல்லையா என்று முடிவாகும். மூட்டின் மேற்பரப்பு உடைந்தால், நடக்கப் பல வாரங்கள் பொறுக்க வேண்டி வரலாம்.

மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக ஒரு சிறிய எலும்பு இருக்கிறது. அதற்கு இரத்தம் பெரும்பாலும் விரல் பக்க முனையில் இருந்தே பின்னோக்கி வருகிறது. நடுவில் முறிந்தால் மறுமுனை இரத்தமின்றி இறந்துபோகலாம். கையூன்றி விழுந்தவர் 'சும்மா சுளுக்கு' என்று நோவெண்ணெய் பூசிக்கொண்டு திரிவது இந்த முறிவில் ஆபத்தானது. காலின் முன் எலும்பில் கணுக்காலுக்கு மேலே உள்ள பகுதியைத் தசை அவ்வளவாக மூடியிருப்பதில்லை. அங்கே முறிந்தால் பொருந்த நாள் எடுக்கும்.

முதியவர்கள் விழும்போது முறியும் தொடை எலும்பின் கழுத்தும் இப்படித்தான். அந்தக் கழுத்தின் மேலாக ஓடும் மெல்லிய குழாய்களை நம்பியே பந்து போன்ற தலைப்பகுதி உயிர் வாழ்கிறது. முறிந்து விலகினால் குழாய்கள் அறுந்துபோகும். அதனால்தான் பல வேளைகளில் வைத்தியர்கள் அந்தத் தலையையே எடுத்துவிட்டு உலோகத் தலை வைக்கிறார்கள். இடுப்பு முறிவுக்குச் சத்திரசிகிச்சை செய்தவர்களை, மருத்துவக் காரணம் தடுக்காவிட்டால், அடுத்த நாளே எழுப்பி அசைய வைக்க வேண்டும் என்று பிரித்தானியாவின் 2011ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. முதியவர் கட்டிலிலேயே கிடந்தால் நியூமோனியா, படுக்கைப் புண், கால் நாளத்தில் இரத்தக்கட்டி என்று ஒவ்வொன்றாக வரும். எங்கள் ஊர்களில் "விழுந்து படுத்தவ, பிறகு எழும்பேல்ல" என்று சொல்லப்படும் மரணங்களில் எத்தனை முறிவால் வந்தவை, எத்தனை படுக்கையால் வந்தவை என்று இப்போது யோசிக்கிறேன்.

இரத்த ஓட்டத்தைப் பற்றிப் பேசும்போது கட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வைத்தியசாலையின் பிளாஸ்டரோ, முறிவு நெரிவு வைத்தியரின் மூங்கில் பத்தைக் கட்டோ, அளவுக்கு மீறி இறுகினால் கையும் காலும் கெட்டுப்போகும். இறுகிய கட்டினால் கைத்தசை இறந்து சுருங்குவதை ஜேர்மனிய வைத்தியர் ரிச்சர்ட் வொன் வொல்க்மன் 1881இலேயே விவரித்தார். மருந்துக்கும் அடங்காமல் கூடிக்கொண்டே போகும் வலி, விரலை மெதுவாக நீட்டினாலே துடிக்கும் வேதனை, விறைப்பு, விரல்கள் வெளிறுவது அல்லது நீலமாவது – இவற்றில் எது வந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

பிறகு நாங்கள் செய்தது

அன்றே எங்களை இயன்மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் முதலில் அம்மாவிடம், "இந்தத் தண்டு உங்கட பாரத்தைத் தாங்கத்தான் அம்மா வைச்சது. பயப்பிடாதேங்கோ" என்றார். ஆறு வாரத்தில் அம்மாவிடம் இதை ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

பயிற்சிகள் சாதாரணமானவை. ஒவ்வொரு மணித்தியாலமும் கணுக்காலை மேலும் கீழும் அசைக்க வேண்டும். தொடைத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி விட வேண்டும். நிறை பார்க்கும் தராசு ஒன்றின் மேல் முறிந்த காலை வைத்து, முதலில் பத்துக் கிலோ, பிறகு இருபது கிலோ என்று எவ்வளவு பாரம் வைக்கிறோம் என்பதைக் கால் பழகிக்கொள்ள வேண்டும். பிறகு வோக்கரைப் பிடித்து நடை. மெல்லிய வலி வரலாம். அடுத்த நாள் வரை நீளும் வலியோ வீக்கமோ வந்தால் குறைத்து, கிளினிக்கில் காட்ட வேண்டும்.

சாப்பாட்டையும் திருத்த வேண்டியிருந்தது. கிரந்தி என்று சொல்லி மீனையும் முட்டையையும் நிறுத்தியிருந்தோம். எலும்பின் அடிச்சட்டம் புரதம். புரதத்தைக் குறைத்துவிட்டு எலும்பு வளர வேண்டும் என்று நேர்ந்துகொண்டிருந்தோம். பெரியம்மாவுடன் அதற்கு ஒரு சண்டையே பிடிக்க வேண்டி வந்தது.

முதல் நாள் அம்மா கட்டிலில் இருந்து வாசற்படி வரை நடந்தார். வியர்த்துவிட்டது. இரண்டாம் வாரம் கிணற்றடி வரை. மூன்றாம் மாத எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி வெள்ளையாக ஒரு திரட்சி தெரிந்தது. ஐந்தாம் மாதம் கோட்டின் மூன்று பக்கம் மூடியிருந்தது. முதல் ஆறு வாரமும் நடந்திருந்தால் எவ்வளவு முந்தியிருக்கும் என்று கேட்டேன். அப்படிக் கணக்குச் சொல்ல முடியாது என்றார் வைத்தியர். கணுக்காலின் விறைப்பு மட்டும் இன்னும் முழுதாகப் போகவில்லை. அம்மா இப்போதும் படியிறங்கும்போது சுவரைப் பிடிக்கிறார்.

அந்த விடுதியில் எங்களுக்கு இல்லாமல் போனது வைத்தியம் அல்ல. நல்ல சத்திரசிகிச்சை இலவசமாகக் கிடைத்தது. கிடைக்காமல் போனது நோயாளிக்கு விளங்கும் மொழியில் ஒரு வரி. டயக்னோசிஸ் காட்டோடு, தமிழிலும் சிங்களத்திலும் அச்சடித்த ஒரு பக்கத் தாளைக் கொடுக்க எந்த வைத்தியசாலைக்கும் பெரிய செலவில்லை. அது வரும்வரை நாங்கள்தான் கேட்க வேண்டும். துண்டு வெட்டும் நாளில் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு: இந்தக் காலில் பாரம் வைக்கலாமா, எவ்வளவு? எந்த மூட்டுகளை இன்றே அசைக்கத் தொடங்க வேண்டும்? எந்த வலிக்கு உடனே திரும்பி வர வேண்டும்? இயன்மருத்துவரை எப்போது பார்க்க வேண்டும்?

நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள்.